சேலை விற்க எந்த வாசல்? இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப், மீஷோ: ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாகச் சேலை வியாபாரத்தில் இறங்குபவர்கள் முன்பெல்லாம் கேட்டது, "பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கிடைக்குமா, அட்வான்ஸ் எவ்வளவு கேட்பாங்க?" என்பதுதான். இப்போது கேட்பது வேறு. "இன்ஸ்டாவில் போடட்டுமா, யூடியூப் சேனல் ஆரம்பிக்கட்டுமா, இல்ல மீஷோவில் ஏத்திட்டுப் பேசாம இருந்துடட்டுமா?" மாதத்துக்கு ஒருவராவது அக்காவைத் தேடி வந்து இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் இளம்பிள்ளை. சேலம் மாவட்டம், கஞ்சமலைக்குப் பக்கம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப் போய், தறிக்காரர்களிடம் சரக்கு தேங்கி நின்ற நேரத்தில் அக்கா 20 சேலையோடு ஆரம்பித்தாள். போட்டோ எடுப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் என் வேலை. அன்றிலிருந்து எல்லா வழிகளிலும் விற்றுப் பார்த்துவிட்டோம். சிலவற்றில் நன்றாகவே அடி வாங்கினோம்.

ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். சேலை வாங்கியவரின் பெயரும் ஊரும் போன் நம்பரும் கடைசியில் யாரிடம் தங்குகிறது? ஃபாலோயர், வியூஸ், லைக் எல்லாம் அப்புறம். அக்காவிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் "தூத்துக்குடி, ரெண்டு பொண்ணு, மூத்தவளுக்குத் தை மாசம் கல்யாணம், வாடாமல்லி பிடிக்கும்" என்று எழுதியிருப்பாள். ஒரு வழியில் விற்ற சேலை அந்த நோட்டில் ஒரு வரியாவது சேர்க்கிறதா? சேர்த்தால் அது வியாபாரம். சேர்க்காவிட்டால் அன்றைக்கு ஒரு சேலை போனது, அவ்வளவுதான்.

இன்ஸ்டாகிராம்: கூட்டம் வரும், நிற்காது

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. டிக்டாக்கில் சேலை காட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் அப்படியே இந்தப் பக்கம் வந்தார்கள். எதுவும் தெரியாத எங்களைப் போன்றவர்களும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

ரீல்ஸின் பலம் ஒன்றே ஒன்று. நம்மை யாரென்றே தெரியாதவர் கண்ணில் நம் சேலையைக் கொண்டுபோய் நிறுத்தும். 300 பேர் மட்டுமே பின்தொடரும் பக்கத்தின் ரீல் ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான பேரிடம் போவதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது.

ஆனால் அந்த ரீலின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் புதுசு போட வேண்டும். தினமும் சேலையை மடித்து, விரித்து, முந்தியைக் காட்டி, பாட்டுப் போட்டு எடுக்க இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. கமெண்டில் வருபவற்றில் பாதி "பிபி" என்ற இரண்டே எழுத்துதான். விலை சொல்லுங்கள் என்று அர்த்தம். நிறைய கடைகள் வேண்டுமென்றே விலையைப் போடாமல் "டிஎம் பண்ணுங்க", அதாவது தனியாக மெசேஜ் போட்டுக் கேளுங்கள், என்கின்றன. கமெண்ட் கூடினால் ரீல் இன்னும் பலரிடம் போகும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது பிடிக்கவில்லை. 650 ரூபாய் என்று போட்டுவிட்டால், வாங்க முடியாதவர் கூச்சப்படாமல் நகர்ந்துவிடுவார், வாங்க முடிந்தவர் நேராகப் பேசுவார். நாங்கள் விலை போட ஆரம்பித்த பிறகு கமெண்ட் குறைந்தது, விற்பனை குறையவில்லை.

அடுத்தது நிறம். ரிங் லைட்டுக்கு முன்னால் ராமர் பச்சை ஒரு மாதிரி தெரியும், வாசல் வெயிலில் வேறு மாதிரி தெரியும், வாங்கியவர் வீட்டு டியூப் லைட்டில் மூன்றாவது மாதிரி தெரியும். மயில் கழுத்து நிறம் இன்னும் மோசம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் சேலை அசையும்போது ஒன்று, நின்றால் ஒன்று. ரீலில் அசைந்துகொண்டே இருக்கும் சேலையைப் பார்த்து வாங்கியவர், மடித்து வந்த சேலையைப் பார்த்து "இது நான் கேட்டதே இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு சேலைக்கும் வாசல் வெளிச்சத்தில் ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து, பணம் வாங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுகிறோம். இந்த ஒரு பழக்கத்தால் தகராறு பாதியாகக் குறைந்தது.

நோட்டுக் கணக்குக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கியவர்களில் பெரும்பாலானோர் சென்னை, கோவை, பெங்களூர்க்காரர்கள். வயது குறைவு. பிடித்தால் உடனே ஜிபே பண்ணிவிடுவார்கள், பேரம் இல்லை. ஆனால் இரண்டாவது தடவை வருபவர் குறைவு. அடுத்த ரீலில் அடுத்த கடை வந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தத் திரை அப்படித்தான் ஓடுகிறது.

யூடியூப்: மெதுவாக ஏறும், நின்று பேசும்

என்னைக் கேட்டால், சேலைக்கு இன்ஸ்டாகிராமைவிட யூடியூப்தான் மேல். பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முதல் காரணம், யூடியூப்பில் ஆட்கள் தேடி வருகிறார்கள். "500 ரூபாய்க்குள் கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்க சேலை" என்று ஒருவர் தேடினால், அவருக்கு 40 சேலை வேண்டும் என்று அர்த்தம். வளைகாப்புக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, சீர் வைக்க என்று காரணத்தோடு வருபவர் சும்மா விரல் தள்ளிக்கொண்டு வருபவரைப் போல இருக்க மாட்டார். ஒரு வீடியோவைப் பதினைந்து நிமிஷம் முழுசாகப் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். "சமையல் பண்ணிட்டே பார்த்தேன் சிஸ்டர், ஏழாவதா காட்டின அரக்குக் கலர் இருக்கா?" என்று கேட்டு வருவார்கள். ஏழாவது என்று எண்ணி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இரண்டாவது, வீடியோ சாகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட வீடியோவுக்கு இன்றும் போன் வருகிறது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. அந்தச் சேலை எப்போதோ தீர்ந்திருக்கும், தறிக்காரர் டிசைன் அட்டையையே மாற்றியிருப்பார், நூல் விலை ஏறியிருக்கும். பழைய விலைக்கே கேட்பார்கள். அதற்காக வீடியோ தலைப்பிலேயே மாதமும் வருஷமும் போட ஆரம்பித்தோம்.

மூன்றாவது, குரல். யூடியூப்பில் அக்கா பேசுகிறாள். "இது சாஃப்ட் சில்க்குனு சொல்றோம், ஆனா பட்டு கிடையாதுங்க, விசைத்தறியில ஓட்டினது" என்று சொல்லிவிடுவாள். முதலில் அப்பா பயந்தார், இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று. வாங்கினார்கள். சுத்தப் பட்டு வேண்டுமென்றால் சில்க் மார்க் பார்த்து வாங்குங்கள் என்று அவளே சொல்லித் தருவாள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் தெரியாமல், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி விலைக்கு வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். அதைச் சொல்லி விற்பதில் நாளை இன்னொருவர் சொல்லித் தெரிந்துவிடுமே என்ற பயம் கிடையாது. 20 விநாடி ரீலில் இவ்வளவும் சொல்ல இடமில்லை.

சேனலுக்கே விளம்பர வருமானம் வருமே என்று சிலர் கேட்பார்கள். 1,000 சப்ஸ்கிரைபரும் கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் அந்த வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சேலை விற்பவர் அதை நம்பி உட்காரக் கூடாது. பத்து சேலை அதிகமாகப் போனால் வரும் லாபம் அதைவிடப் பெரிது.

யூடியூப்பிலிருந்து போன் செய்பவர் மதுரை, திருநெல்வேலி, தர்மபுரி, சில சமயம் இலங்கை, மலேசியா. வயது நாற்பதுக்கு மேல். போனில் கால் மணி நேரம் பேசுவார்கள், ஜிபே தெரியாது என்பார்கள், மகன் வந்ததும் போடுகிறேன் என்பார்கள். பொறுமை வேண்டும். ஆனால் நோட்டில் அதிக வரிகள் அவர்களுடையவைதான்.

வாட்ஸ்அப்: உண்மையில் கடை இருப்பது இங்கேதான்

இன்ஸ்டாகிராமில் பார்த்தாலும் யூடியூப்பில் பார்த்தாலும் கடைசியில் எல்லாரும் வந்து சேர்வது வாட்ஸ்அப்புக்குத்தான். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்ற வரி இல்லாத சேலை வீடியோவே தமிழில் கிடையாது என்று சொல்லலாம். பேரம், அட்ரஸ், பணம், டிராக்கிங் ஐடி, புகார் எல்லாம் அங்கேதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு நடுக்கூடத்தைப் பார்த்தால் புரியும். அக்கா போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டுக்கும் "இருக்குங்க", "புக் ஆயிடுச்சுங்க" என்று போட்டுக்கொண்டிருப்பாள். நான் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, சேலையை எடுத்து, அட்ரஸ் சீட்டைப் பின் குத்தி, ஓரமாக அடுக்குவேன். போலி ஸ்கிரீன்ஷாட் செயலிகள் இருக்கின்றன. ஒரு தடவை ஏமாந்த பிறகு வந்த பழக்கம் இது. காலையில் கொரியர்க்காரர் வருவதற்குள் எல்லாம் கட்டியாக வேண்டும்.

அட்ரஸ் சீட்டில் ஒரு விஷயம் உண்டு. எங்களிடம் வாங்குபவர்களில் பலர் ரீசெல்லர்கள். வீட்டிலிருந்தபடி எங்கள் போட்டோவைத் தங்கள் ஸ்டேட்டஸில் போட்டு, 100 ரூபாய் சேர்த்து விற்கிறார்கள். சேலையைக் கையால் தொடுவதே இல்லை. "உங்க பேர் போடாதீங்க அக்கா, என் பேரையும் என் நம்பரையும் போட்டு அனுப்புங்க" என்பார்கள். அனுப்புநர் இடத்தில் அவர்கள் பெயர் போகும். அந்த வாடிக்கையாளர் அவர்களுடைய நோட்டில் இருப்பவர், எங்களுடைய நோட்டில் இல்லை. இதை மீறி, பார்சலுக்குள் தங்கள் கார்டை வைத்து அனுப்பும் மொத்தக் கடைகள் இருக்கின்றன. அது திருட்டு. ஒரு பெண் மூன்று வருஷம் பேசிப் பேசிச் சேர்த்த நூறு வாடிக்கையாளர்தான் அவளுடைய முதல். அதில் கை வைப்பது கல்லாவில் கை வைப்பதற்குச் சமம்.

வாட்ஸ்அப்பின் குறைகள் சின்னவை இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதனால்தான் எல்லாக் கடைகளும் "நம்பரை சேவ் பண்ணிட்டு ஹாய் போடுங்க" என்று கெஞ்சுகின்றன. அறிமுகமே இல்லாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வாட்ஸ்அப் வெளியிட்ட முதல் அறிக்கையில், 2021 மே 15 முதல் ஜூன் 15 வரையிலான ஒரே மாதத்தில் இந்தியாவில் 20 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக இருந்தது. "பத்தாயிரம் நம்பர் தர்றோம், மெசேஜ் அனுப்பித் தர்றோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பத்தாயிரம் பேர் நம்மைக் கேட்கவில்லை.

குரூப் ஆரம்பிக்கலாமா என்பார்கள். பெண்கள் இருக்கும் குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஆண்கள் உள்ளே வந்து பெண்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பிய கதை எங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த சேனல் வசதி இந்த வகையில் பாதுகாப்பு, யார் நம்பரும் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பின்தொடர்பவர் நம்மிடம் வந்து பேசும்வரை அவர் நம்பர் நமக்கும் கிடைக்காது. என் அளவுகோலில் சேனல் என்பது தெருவில் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி. பார்த்துவிட்டுப் போகிறவர் யாரென்று தெரியாது. அதனால் நாங்கள் ஸ்டேட்டஸையும் சின்னச் சின்ன பிராட்காஸ்ட் பட்டியல்களையும்தான் நம்புகிறோம். கல்யாணச் சேலைப் பட்டியல், காட்டன் பட்டியல், ரீசெல்லர் பட்டியல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். காட்டன் கட்டுபவருக்கு ஜரிகைச் சேலையை அனுப்பித் தொந்தரவு செய்வதில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4, திங்கள்கிழமை ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக நின்றன. விடியற்காலைதான் சீராயின. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. சேலை புக்கிங் நடக்கும் நேரமும் அதுதான். மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் ஒன்று நின்றால் இன்னொன்றில் ஒதுங்க வழி கிடையாது. அன்றைக்கு யூடியூப்பும் சாதாரண போன் அழைப்பும் மட்டும் வேலை செய்தன. அதற்குப் பிறகுதான் அக்கா நம்பர்களைப் போனில் மட்டும் வைக்காமல் நோட்டில் கையால் எழுத ஆரம்பித்தாள்.

மீஷோ, அமேசான், ஃப்ளிப்கார்ட்: நம்பிக்கை அவர்களுடையது, வாடிக்கையாளரும் அவர்களுடையவர்

வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் தளங்கள் பெரிய ஆறுதல். இன்ஸ்டாகிராமில் அழகாகச் சேலை காட்டி, ஜிபேயில் பணம் வாங்கிவிட்டு, பிளாக் செய்துவிட்டு ஓடும் போலிக் கடைகள் உண்டு. (பணம் போனவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ அவ்வளவு நல்லது.) தளத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பலாம். எங்கள் மாதிரி பெயர் தெரியாத கடைக்கு அந்த நம்பிக்கையைக் கடன் கொடுக்கிறது தளம்.

மீஷோ 2015-ல் தொடங்கிய நிறுவனம். வாட்ஸ்அப்பில் விற்கும் ரீசெல்லர்களை வைத்துத்தான் வளர்ந்தது. 2021-ல் விற்பவர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று அறிவித்தபோது எங்கள் தெருவிலேயே பலர் அதில் ஏறினார்கள். முன்பு இப்படிப்பட்ட தளத்தில் விற்க, வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால் அந்த எண் இல்லாமலேயே பதிவு செய்துகொண்டு விற்கலாம். வெளி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமானால் எண் வேண்டும்.

சரி, பிறகு என்ன குறை? திரும்பி வரும் சேலைதான் குறை. ஒரு தளத்தில் நாங்கள் எட்டு மாதம் விற்றோம். பெயர் வேண்டாம். 540 ரூபாய்ச் சேலை ஒன்று திரும்பி வந்தது. பிரித்தால், உள்ளே இருந்தது எங்கள் சேலை இல்லை. ஓரம் நைந்த ஒரு பழைய சேலை, மடிப்பில் மஞ்சள் கறையோடு. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்பதால் எங்கள் புகார் தள்ளுபடி ஆனது. 540 ரூபாயும் போச்சு, திரும்பி வந்த கூலியும் எங்கள் கணக்கில் ஏறியது. அந்தச் சேலையில் எங்களுக்கு லாபமாக வந்திருக்க வேண்டியது 60 ரூபாய். ஒன்பது சேலை விற்றால்தான் அந்த ஒரு சேலையின் விலை திரும்பும்.

இன்னொரு குறை, பக்கத்திலேயே நிற்கும் போட்டி. நம் போட்டோவை அப்படியே எடுத்து, பத்து ரூபாய் குறைத்து, நமக்கு நேர் கீழே இன்னொருவர் போடுவார். தளத்தில் வாங்குபவருக்கு எல்லாம் ஒரே சேலையாகத்தான் தெரியும். யார் குறைத்தார்களோ அவருக்குத்தான் ஆர்டர். குறைக்கக் குறைக்க நூல்தான் மெலியும். கடைசியில் அடி வாங்குவது தறி.

என் அளவுகோலில் இந்தத் தளங்களுக்கு மார்க் குறைவு. அட்ரஸ் சீட்டைத் தளமே அச்சடித்துத் தரும், நாம் ஒட்டி அனுப்புவோம். ஆனால் வாங்கியவரோடு நாம் நேராகப் பேசி அடுத்த சேலையைக் காட்ட முடியாது. எட்டு மாதத்தில் 400-க்கு மேல் சேலை போனது, நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. அப்படியானால் வேண்டவே வேண்டாமா? தேங்கின சரக்கைக் காலி செய்யவும், ஃபால்ஸ், பிளவுஸ் பிட் மாதிரி விலை குறைந்த, தகராறு வராத பொருள்களுக்கும் நல்ல வழி. முகம் காட்டவோ பேசவோ முடியாத சூழலில் இருக்கும் பெண்களுக்கும் இதுதான் வழி. கல்யாணச் சேலையை அங்கே ஏற்றாதீர்கள்.

நோட்டீஸும் ஊர்ச் செய்திப் பக்கமும்

பத்து வருஷத்துக்கு முன்னால் ஆடித் தள்ளுபடி என்றால் ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பர் ஏஜென்டிடம் கொடுத்துவிடுவார்கள். விடிவதற்குள் தினத்தந்திக்குள்ளேயோ தினமலருக்குள்ளேயோ செருகப்பட்டு ஒவ்வொரு வாசலுக்கும் போய்விடும். இப்போது அந்தக் காசு ஊர்ச் செய்திப் பக்கங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு ஊர் பெயரிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கங்கள் இருக்கின்றன. விபத்து, மழை, மின்தடை, நடுவில் ஒரு புதுக் கடை திறப்பு. செய்தி படிக்க வந்தவர் கடையையும் பார்த்துவிடுகிறார்.

எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது. பேப்பரில் விளம்பரத்தைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். செய்தி மாதிரி எழுதியிருந்தால் கீழே சின்னதாக "விளம்பரம்" என்று போட்டிருப்பார்கள். நோட்டீஸ் நோட்டீஸாகவே இருக்கும். இந்தப் பக்கங்களில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு "இப்படி ஒரு சேலைக் கடையை நான் பார்த்ததே இல்லை மக்களே" என்று சொல்கிறவர், சொந்த அனுபவம் போலவே சொல்கிறார். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. சின்ன ஊர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள்கூடக் குறைவு. நாங்கள் ஒரே ஒரு தடவை இப்படிக் காசு கொடுத்து வீடியோ போட்டோம். "விளம்பரம் என்று எழுதுங்கள்" என்று கேட்டோம். எழுதினார்கள். ஆனாலும் போன்கள் வந்தன. எழுதினால் ஆள் வராது என்று சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை.

செய்திக்கும் வியாபாரத்துக்கும் ஒரே போன் வாசலாகிவிட்டதால் வரும் ஆபத்தை 2023 மார்ச்சில் இந்தப் பக்கத்துத் தொழில் முழுக்கப் பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று, சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்களை வைத்து ஒரு பொய் பரவியது. திருப்பூரில் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பலர் ரயில் ஏறினார்கள். காவல்துறைத் தலைவர் வீடியோவில் வந்து மறுத்தார், பீகாரிலிருந்து ஒரு குழு வந்து நேரில் விசாரித்துவிட்டுப் போனது. பொய் பரவியதும், அதே திருப்பூரின் பனியன் விளம்பரம் ஓடியதும் ஒரே திரையில்தான். அதற்கும் முன்னால் 2018 மே மாதம் போளூர்ப் பக்கம், குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி, கோவிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. "சேலை போட்டோவை அஞ்சு அஞ்சு பேராத்தான் அனுப்ப முடியுது" என்று சலித்துக்கொள்ளும் ரீசெல்லர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அதனால் காசு கொடுப்பதற்கு முன், அந்தப் பக்கத்தில் போன மாதம் என்னென்ன செய்தி போட்டார்கள் என்று பாருங்கள். புரளி போட்டு ஆள் சேர்த்த பக்கம் என்றால் எவ்வளவு பேர் பின்தொடர்ந்தாலும் வேண்டாம்.

சொந்த வெப்சைட்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நோட்டு முழுக்க நமக்கே சொந்தம் என்ற வகையில் இதுதான் முதலிடம். பெயருக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் சுமார், அதற்கு மேல் இடவாடகை, பணம் வாங்கும் சேவைக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ஆனால் தானாக யாரும் அங்கே வர மாட்டார்கள். மற்ற வாசல்களிலிருந்து நாம்தான் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு சேலையும் ஒரே ஒரு பீஸ் இருக்கும் வியாபாரத்தில், விற்றதை உடனுக்குடன் எடுக்க ஒரு ஆள் வேண்டும். மாதம் 300 சேலைக்கு மேல் போனால் யோசிக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

போன வாரம் வந்த பெண்ணுக்குச் சொன்னது

மகுடஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் 15,000 ரூபாய், வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். எதில் ஆரம்பிப்பது என்று கேட்டார். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாத்துலயும் ஒண்ணா இறங்காத கண்ணு. மொதல்ல வியாபாரத்துக்குனு தனியா ஒரு சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடு, சொந்த நம்பரைக் குடுக்காத. இருபது சேலை எடு, மூணு விலைக்கு மேல வேண்டாம். சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, கூடப் படிச்சவங்க, இவங்களுக்குத்தான் மொத ஸ்டேட்டஸ். வாரம் ரெண்டு யூடியூப் வீடியோ, உன் குரல்லயே பேசு, விலையைச் சொல்லு, குறை இருந்தா அதையும் சொல்லு. அதையே வெட்டி இன்ஸ்டாவுல ரீலாப் போடு, தனியா எடுக்க நேரம் செலவு பண்ணாத. பார்சல் பிரிக்கிறப்ப வீடியோ எடுத்து அனுப்பணும்னு பணம் வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடு. உனக்கு ஏதாவது திரும்பி வந்தாலும் வீடியோ எடுக்காமப் பிரிக்காத. மீஷோவெல்லாம் மூணு மாசம் கழிச்சு, எது ஓடல எது ஓடுதுனு தெரிஞ்ச பிறகு, ஓடாததை மட்டும் ஏத்து."

அந்தப் பெண் எல்லாவற்றையும் போனில் டைப் செய்துகொண்டிருந்தார். அக்கா உள்ளே போய், புரட்டாத புது நோட்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். முதல் பக்கத்தில் கோடு போட்டு, பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார், அடுத்து வீட்டில் என்ன விசேஷம் என்று ஐந்து கட்டம் பிரித்துக் காட்டினாள். பிறகு அந்தப் பெண்ணிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்று, அவர் எங்களிடம் எடுத்த இருபது சேலைக்கு எங்கள் நோட்டில் ஒரு வரி எழுதினாள்: மகுடஞ்சாவடி, புது ரீசெல்லர், தம்பிக்கு ஆவணியில் கல்யாணம்.